தழும்புக்குத் தடை: ஸ்பாஞ்சா, ஊசியா?

வீரபாண்டி, சின்னக்கரை, அருள்புரம் என்று பட்டறை மாறிக்கொண்டே இருந்தாலும் என் வேலை மாறவில்லை. லேபில் கைக்குட்டை அளவு துணியில் வந்த ஷேடு, சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 500 கிலோ துணி ஓடும்போதும் அப்படியே வர வேண்டும். அதற்குப் பொறுப்பு டையிங் மாஸ்டர். திருப்பூரில் அந்த வேலையில் தலை நரைத்தவன் நான். என் இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்கிறார்கள். இரண்டு கண்ணுக்கும் சில வருட இடைவெளியில் ஆபரேஷன் நடந்தது. இரண்டிலும் தழும்பைத் தடுக்க ஒரே மருந்தைத்தான் வைத்தார்கள். வலது கண்ணில் அதை ஸ்பாஞ்சில் நனைத்து வைத்தார்கள், இடது கண்ணில் ஊசியாகப் போட்டார்கள். ஒரே மருந்தை ஏன் இரண்டு விதமாகப் போட வேண்டும், எது நல்லது என்று கேட்காமல் இருந்தால் நான் டையிங் மாஸ்டராக இருந்ததற்கு அர்த்தமில்லை.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரக்கிறது. கருவிழி ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற பாதை வழியாக வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. வடிவது குறைந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பெரும்பாலானவர்களுக்கு அந்த அழுத்தம் 10 முதல் 21 வரை இருக்கும் (பாதரச மில்லிமீட்டர் கணக்கில்). அழுத்தம் தாங்காமல் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. செத்த நரம்பு திரும்பாது. பெரும்பாலும் வலி கிடையாது, கண் சிவக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். நடுப்பார்வை கடைசி வரைக்கும் ஏமாற்றிக்கொண்டே இருக்கும்.

என்னை அப்படித்தான் ஏமாற்றியது. லைட் பாக்ஸுக்குள் இரண்டு துண்டுத் துணியை வைத்து இது கால் பங்கு சிவப்பு தூக்கலாக இருக்கிறது என்று சொல்ல நடுப்பார்வை போதும். அதில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. ஆனால் ஈரத்துணி ஏற்றின ட்ராலி பக்கவாட்டில் வருவது தெரியாமல் இடித்துக்கொள்வேன். பையன்கள் "அண்ணன் கணக்குப் போட்டுட்டே நடக்கறாரு" என்று சிரிப்பார்கள். 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றில் கழிவு விட்டதற்கான தண்டனை அது. அந்தக் கதைக்குள் இப்போது போகவில்லை. வேலை இல்லாத அந்த நாட்களில்தான், சரி, கண்ணாடியாவது மாற்றுவோம் என்று போனேன். அழுத்தம் முப்பதுக்கு மேல் இருந்தது. பட்டறை மூடாமல் இருந்திருந்தால் எப்போது போயிருப்பேனோ.

இதில் நான் தனி ஆள் இல்லை. சென்னை கிளாக்கோமா ஆய்வு என்று ஒன்று, சங்கர நேத்ராலயா நடத்தியது. நகரத்திலும் கிராமத்திலும் 40 வயது தாண்டியவர்களைத் தேடிப் பரிசோதித்தார்கள். நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர் சொன்னதால் என் தம்பியை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவனுக்கு இல்லை.

சொட்டு மருந்தில் சில வருடம் ஓடியது. ஒன்று, இரண்டாகி, மூன்றாகியும் அழுத்தம் இறங்கவில்லை. கோவையில் ஒரு கண் மருத்துவமனையில் ஆபரேஷன் என்றார்கள். டிராபெகுலெக்டமி என்று பெயர். 1968-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கெய்ர்ன்ஸ் என்ற மருத்துவர் எழுதிவைத்த முறை. அரை நூற்றாண்டு தாண்டியும் பெரிதாக மாறாமல் நிற்கிறது. மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில், பாதி ஆழத்துக்கு ஒரு சின்ன மடிப்பை வெட்டித் தூக்குவார்கள். அதற்குக் கீழே கண்ணுக்குள் ஒரு துளை. மடிப்பைத் திரும்பப் போட்டு, இறுக்கமாக இல்லாமல் தையல். உள்நீர் அந்த மடிப்பின் ஓரமாகக் கசிந்து, வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலுக்கு அடியில் சேரும். சேரும் இடம் லேசாக உப்பித் தெரியும். அதற்கு பிளெப், அதாவது கொப்புளம் என்று பெயர். அங்கிருந்து நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அழுத்தம் இறங்கிவிடும்.

நம் உடம்புக்கு இது காயம் என்றுதான் தெரியும், கால்வாய் என்று தெரியாது. காயம் கண்டால் மூடுவதுதான் அதன் குணம். வெள்ளை விழிக்கும் மேல்தோலுக்கும் நடுவில் டீனான் என்றொரு படலம் உண்டு. அதில் உள்ள செல்கள் விழித்துக்கொண்டு பெருகி, நார் நாராகத் தழும்பு போட்டு வழியை அடைத்துவிடும். மற்ற ஆபரேஷனில் காயம் ஆறினால் வெற்றி. இதில் முழுசாக ஆறிவிட்டால் தோல்வி. ஆறவே ஆறாமல் கசிந்தாலும் ஆபத்து. இளவயதுக்காரர்கள், ஏற்கெனவே அந்த இடத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், வருடக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக் கண் எரிச்சலில் இருந்தவர்கள், இவர்களுக்குத் தழும்பு சீக்கிரம் போடும். நான் மூன்றாவது ரகம்.

இங்கேதான் மைட்டோமைசின் வருகிறது. 1950-களில் ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்து. வயிற்றிலும் மூத்திரப்பையிலும் வரும் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்தார்கள். பெருகத் துடிக்கிற செல்லின் டிஎன்ஏ இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அப்புறம் அந்த செல் இரண்டாகப் பிரிய முடியாது. தைவானில் சென் என்ற கண் மருத்துவர் 1983-இல் இதைக் கிளாக்கோமா ஆபரேஷனில் வைத்துப் பார்த்து எழுதினார். அதே காலத்தில் அமெரிக்காவில் 5-ஃப்ளூரோயுராசில் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தை முயன்றார்கள். அது வீரியம் குறைந்தது. ஆபரேஷன் முடிந்த பிறகு திரும்பத் திரும்பக் கண்ணில் ஊசியாகப் போட வேண்டியிருந்தது. மைட்டோமைசின் ஒரே தடவை, சில நிமிடத்தில் காரியத்தை முடித்துவிடுவதால் அதுவே நிலைத்துவிட்டது. இத்தனைக்கும் அமெரிக்காவில் கண் ஆபரேஷனுக்கென்றே தயாரித்த மைட்டோமைசினுக்கு முறையான அனுமதி கிடைத்தது 2012-இல்தான். அதுவரை உலகம் முழுக்கப் புற்றுநோய்க்கு வந்த குப்பியை எடுத்துத்தான் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டரம்மாவிடம் அந்தக் குப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஒரு பழைய காலிக் குப்பியை எடுத்து வந்தார். ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நீலம் கலந்த ஊதா.

"ஏனுங்கம்மா, இது எத்தனை பர்சண்டுங்க?"

"குப்பியில 2 மில்லிகிராம் தூள் இருக்கும்ங்கய்யா. 10 எம்எல்-ல கரைச்சா ஒரு எம்எல்-லுக்கு 0.2 மில்லிகிராம். 5 எம்எல்-ல கரைச்சா 0.4. உங்களுக்கு 0.2 போதும்."

"எத்தனை நேரம் வெப்பீங்க?"

"ரெண்டு நிமிஷம்."

"அப்புறம் வாஷ் உண்டுங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "நீங்க சாயப்பட்டறைங்களா?"

திடம், நேரம், பரப்பு, கழுவல். எங்கள் தொழில் இந்த நாலில் அடங்கிவிடும். சாயம் எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் ஓடியது, துணி முழுக்கச் சமமாகப் பட்டதா, ஒட்டாத சாயத்தைச் சோப்பிங் போட்டுக் கழுவித் தள்ளினோமா. இதில் ஒன்று தப்பினாலும் லாட் போச்சு. கண்ணிலும் அதே நாலுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வலது கண். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை, காது மட்டும் வேலை செய்தது. மேல்தோலை வெட்டித் திறந்து, அதற்கடியில் பொடிப்பொடியாக வெட்டின ஸ்பாஞ்சை மருந்தில் நனைத்துச் செருகினார்கள். "டைம்" என்றார் டாக்டர். நர்ஸ் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்: அரை நிமிஷம், ஒரு நிமிஷம், ஒன்றரை. அந்த ரெண்டு நிமிடமும் அறையில் வேறு பேச்சே இல்லை. பிறகு ஸ்பாஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார்கள். வைத்த எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒத்துப்போனதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒரு துண்டு உள்ளே மறந்து நின்றுபோய்ப் பிறகு தொல்லை தந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன, அதனால்தான் எண்ணல். அப்புறம் தண்ணீர். கன்னம், காது, தலையணை எல்லாம் நனைகிற மாதிரி சலைன் ஊற்றினார்கள். மனசு நிறைந்துபோயிற்று எனக்கு. நல்ல வாஷ்.

ஸ்பாஞ்ச் முறையின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று எங்கள் தொழிலில் உள்ள யாருக்கும் உடனே புரியும். கரைசலின் திடம் தெரியும், வைத்த நேரம் தெரியும். ஸ்பாஞ்ச் எவ்வளவு மருந்தைக் குடித்தது, அதில் எவ்வளவு திசுவுக்குள் இறங்கியது என்பது தெரியாது. ஸ்பாஞ்ச் எதில் செய்தது, எவ்வளவு பெரியது, சொட்டச் சொட்ட வைத்தார்களா பிழிந்து வைத்தார்களா, இதையெல்லாம் பொறுத்து அளவு மாறும். சில வகை ஸ்பாஞ்ச் நார் உதிர்க்கும். பாலிவினைல் ஆல்கஹாலில் செய்தது அவ்வளவாக உதிர்க்காது என்று அதை விரும்புகிறவர்கள் உண்டு. ஒரு கை வைத்த அளவும் இன்னொரு கை வைத்த அளவும் ஒன்றாக இருக்காது.

பரப்பு விஷயத்தில் ஒரு நல்ல பாடமே கிடைத்திருக்கிறது. ஆரம்பத்தில் மருந்தை ஒரே இடத்தில் சின்னதாக வைத்தார்கள். அந்த இடம் மட்டும் ரத்த ஓட்டமே இல்லாமல் வெளுத்து மெலிந்து கொப்புளமாக நின்றது. சுற்றிலும் மருந்து படாத இடத்தில் தழும்பு வளையமாக இறுகி, நீரை அகலமாகப் பரவ விடாமல் அடைத்தது. மெலிந்த கொப்புளம் கசியும். கிருமி நுழைய வசதி. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் பெங் காவ் என்ற பேராசிரியர் குழு இதைப் பார்த்து முறையை மாற்றியது: தோலைக் கருவிழி ஓரத்திலேயே திறந்து, ஸ்பாஞ்ச் துண்டுகளைப் பின்னால் தள்ளி அகலமாகப் பரப்பி வைப்பது, வெட்டிய தோலின் விளிம்பில் மருந்து படாமல் பிடித்துக்கொள்வது. கொப்புளம் தட்டையாக, பரந்து வர ஆரம்பித்தது, தொல்லைகளும் குறைந்தன. மருந்து அதேதான். பரப்பினதுதான் வித்தியாசம். அன்ஈவன் டையிங் வந்த துணியை ஒரு தடவையாவது கையில் பிடித்தவனுக்கு இது புதுச் செய்தியில்லை.

இடது கண்ணுக்குப் போகும்போது அதே மருத்துவமனையில் வழக்கம் மாறியிருந்தது. கத்தி வைக்கிறதுக்கு முன்னாலேயே, மயிரிழை ஊசியில், கருவிழி ஓரத்திலிருந்து நன்றாகத் தள்ளி மேல்தோலுக்கு அடியில் மருந்தை ஏற்றிவிட்டார்கள். மரத்துப்போகும் மருந்தோடு கலந்தும் போடுவதுண்டாம். உப்பின இடத்தை ஒரு பட்ஸால் தடவித் தடவி அகலமாகப் பரப்பியது லேசாக அழுத்தமாகத் தெரிந்தது. அவ்வளவுதான். கெடு வைத்து எண்ணுகிற பேச்சில்லை, ஸ்பாஞ்ச் எண்ணலும் இல்லை.

இதில் அளவு திட்டவட்டம். மில்லிக்கு 0.1 மில்லிகிராம் திடத்தில் 0.1 எம்எல் போட்டால் உள்ளே போனது 10 மைக்ரோகிராம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எத்தனை மைக்ரோகிராம் என்பது டாக்டருக்கு டாக்டர் கூடும் குறையும். ஆனால் தான் எத்தனை போட்டோம் என்று போட்டவருக்குத் தெரியும். ஆபரேஷன் நேரமும் சில நிமிடம் மிச்சம். வரிசை வரிசையாக ஆபரேஷன் நடக்கிற நம் ஊர் கண் ஆஸ்பத்திரிகளில் சில நிமிடம் என்பது சின்னக் கணக்கில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. "வாஷ் இல்லாமலே விட்டா உள்ளேயே நின்னுக்குமேங்கம்மா?" என்று கேட்டேன். தோலைத் திறந்த பிறகு கழுவுகிறவர்களும் உண்டு, ஆனால் ஊறினதை முழுசாகக் கழுவ முடியாது, அதனால்தான் அளவையே குறைத்து வைக்கிறோம் என்றார். ஊசியில் இன்னொரு பயம்: மருந்து தவறிக் கண்ணுக்குள் போனால் கருவிழியின் உள்படலத்தையும், நீர் சுரக்கும் இடத்தையும் பாழாக்கும். அதனால்தான் அவ்வளவு தள்ளிக் குத்துவது, துளை போடுவதற்கு முன்னாடியே முடித்துவிடுவது. ஸ்பாஞ்சைப் பாதியில் எடுத்துவிடலாம். ஏற்றின ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்பாஞ்சை விடாத அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

சரி, ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஈரானில் பார்த்திருக்கிறார்கள், அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்தில், திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் இரண்டு முறையிலும் ஆபரேஷன் ஆனவர்களின் ஓராண்டு நிலையை ஒப்பிட்டு, 2020-இல் இந்தியக் கண் மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இது: அழுத்தத்தை இறக்குவதிலும் பாதுகாப்பிலும் ஊசி, ஸ்பாஞ்சுக்குக் குறைந்ததில்லை. ஊசி போட்ட கண்ணில் கொப்புளம் தட்டையாக, அகலமாக அமைவது அதிகம் என்று பலர் பார்த்திருக்கிறார்கள். அதற்காக ஸ்பாஞ்ச் வைத்தவர்கள் யாரும் கலங்க வேண்டியதில்லை.

என் கண்களே அதற்குச் சாட்சி என்று சொல்ல ஆசைதான். வலதில் கொப்புளம் கொஞ்சம் வெளுத்து எழும்பித் தெரியும். இடதில் இமையைத் தூக்கிக் காட்டினாலும் டார்ச் அடித்துத் தேட வேண்டும். அழுத்தம் இரண்டிலும் 12, 13-இல் நிற்கிறது. ஆனால் ரெண்டு லாட்டை வைத்துக்கொண்டு ஒரு ரெசிப்பியை நல்லது கெட்டது என்று எந்த மாஸ்டரும் சொல்ல மாட்டான். அதிலும் நடுவில் வருடங்கள் ஓடியிருக்கின்றன, டாக்டரின் கையும் தேர்ந்திருக்கும்.

ஊசியா ஸ்பாஞ்சா என்பதை நான் கேட்டது தொழில் புத்தி. ஆபரேஷனுக்குப் போகும் மற்றவர்கள் கேட்க வேண்டியது, முடிந்த பிறகு எத்தனை நாளைக்கு ஒருமுறை வரச் சொல்வீர்கள் என்பதுதான். ஏனென்றால் தழும்போடு நடக்கும் சண்டை தியேட்டரில் பாதிதான். மீதி, அடுத்த சில மாதங்களில். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு. அழுத்தம் ஏறினால் மடிப்பில் போட்ட தையலை லேசரால் வெட்டித் தளர்த்துவது. தழும்பு தலைகாட்டினால் கொப்புளத்தில் 5-ஃப்ளூரோயுராசில் ஊசி. அடைத்துக்கொண்டால் ஊசி முனையால் கீறித் திறப்பது. இதெல்லாம் அந்தந்த வாரத்தில் செய்தால்தான் உண்டு. ஒரு மாதம் தள்ளிப்போனால், உள்ளே எத்தனை மைக்ரோகிராம் போட்டார்கள் என்ற கணக்கு எதற்கும் உதவாது.

நம் ஊரில் கோட்டை விடுவது இங்கேதான். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு ஓடுகிற ஓவர்லாக் டெய்லருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஷிப்மெண்ட் வாரத்தில் கோவைக்குப் போய்க் கண் காட்டிவிட்டு வருகிறேன் என்று எந்த வாயால் கேட்பது? ஈ.எஸ்.ஐ. இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தும்; போதுமான சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு, வருடத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். காண்ட்ராக்டில் பெயர் இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு அதுவும் இல்லை. முதலாளிமார் யாராவது இதைப் படித்தால், கண் ஆபரேஷன் ஆன ஆளைச் சோடா ஆஷ் எடை போடுகிற இடத்திலும், பஞ்சுத் தூசு பறக்கிற நிட்டிங் பக்கத்திலும் முதல் சில மாதம் நிறுத்தாதீர்கள். மூட்டை தூக்கவும் விடாதீர்கள்.

ஊசி முறைக்கு வருங்காலம் இருக்கிறது என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. இப்போது ஜென் என்றொரு ஜெல் குழாய் வந்திருக்கிறது. மயிரிழை மாதிரி, 6 மில்லிமீட்டர் நீளம். அதைக் கண்ணுக்குள்ளிருந்தே வெளியே தள்ளிப் பொருத்திவிடலாம். மேல்தோலைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. தோலைத் திறக்காமல் ஸ்பாஞ்சை எங்கே செருகுவது? ஊசிதான். விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. டிராபெகுலெக்டமி தாங்காத கண்ணுக்கு மதுரை ஆரோலேப் செய்கிற ஆடி என்ற வடிகால் கருவி இருக்கிறது. வெளிநாட்டுக் கருவியோடு பார்த்தால் விலை ரொம்பக் குறைவு.

மருந்தை எப்படிப் போட்டிருந்தாலும் ஒரு எச்சரிக்கை இரண்டு பேருக்கும் பொது. மைட்டோமைசின் பட்ட இடத்தின் தோல் மெலிந்தே இருக்கும். ஐந்து வருடம் கழித்தும், பத்து வருடம் கழித்தும் அதில் கிருமி நுழையலாம். கண் சிவந்து, பூளை தள்ளி, வலித்து, பார்வை மங்கினால் மெட்ராஸ் ஐ என்று நினைத்து மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு படுக்கக் கூடாது. அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போக வேண்டும். போனதும், இந்தக் கண்ணில் கிளாக்கோமா ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மைட்டோமைசின் வைத்திருக்கிறார்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதியிருக்கும். என்னுடையதை லேமினேட் செய்து, ஒரு நகலை மகனிடமும் கொடுத்துவைத்திருக்கிறேன்.